தீயணைப்பு வண்டியும் சிவகாசிப் பட்டாசு வட்டாரமும்

தீயணைப்பு வண்டி என்பது தண்ணீர், பம்பு, குழாய்கள், ஏணி, மீட்புக் கருவிகள் ஆகியவற்றை ஆட்களோடு சேர்த்துத் தீப்பிடித்த இடத்துக்குக் கொண்டு செல்லும் ஊர்தி ஆகும். பேச்சு வழக்கில் இதைப் ‘பயர் இன்ஜின்’ என்பர். இந்தப் பெயரில் உள்ள ‘இன்ஜின்’ முதலில் பம்பையே குறித்தது. வண்டியை ஓட்டும் மோட்டார் வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே இந்தச் சொல் வழக்கில் இருந்தது.

கைப்பம்பு, நீராவிப் பம்பு, மோட்டார் வண்டி என மூன்று கட்டங்களாக இக்கருவி வளர்ந்தது. மூன்றுமே வீடு, கடை, கிடங்கு போன்றவற்றில் பற்றும் தீயை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளில் பரவியுள்ள பட்டாசு வட்டாரத்தில் இந்த வண்டி சந்திக்கும் தீ வேறு வகையானது. அங்கே அதன் வேலையும் அதனால் மாறியது. அந்த மாற்றத்தையும், பணி முடிந்த பழைய வண்டிகளுக்கு நேர்வதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கைப்பம்பும் நீராவிப் பம்பும்

நீரை அழுத்தித் தள்ளும் பம்பைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த டெசிபியஸ் அமைத்தார். அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் தீயை அணைக்கப் பெரும்பாலும் வாளிகளே பயன்பட்டன. ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். 1670களில் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஓவியரும் பொறியாளருமான யான் வான் டெர் ஹைடன் தோலால் ஆன நீண்ட குழாயைப் பம்புடன் இணைத்தார். பம்பைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, தண்ணீரை மட்டும் தீயின் அருகே கொண்டுபோக அதனால் முடிந்தது. லண்டனில் ரிச்சர்டு நியூஷம் 1721லும் 1725லும் காப்புரிமை பெற்ற பம்புகள் சக்கரங்களின் மேல் பொருத்தப்பட்டிருந்தன. இருபுறமும் ஆட்கள் நின்று தண்டை ஏற்றி இறக்க, தண்ணீர் இடைவிடாமல் பாய்ந்தது.

1829இல் ஜான் பிரெய்த்வெயிட், ஜான் எரிக்சன் இருவரும் லண்டனில் நீராவியால் இயங்கும் தீயணைப்புப் பம்பைச் செய்தனர். குதிரைகள் அதை இழுத்தன. கொதிகலனில் நிலக்கரி எரிந்தது. பல ஆட்கள் மாறி மாறிச் செய்த வேலையை அது களைப்பில்லாமல் செய்தது. ஆனால் நீராவி அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேலும், தீயை அணைக்க வந்த வண்டி தானே ஓர் அடுப்பைச் சுமந்து வந்தது. ஊர்த் தெருவில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. வெடிமருந்து உள்ள இடத்திலோ அப்படி ஒரு வண்டியை நினைத்தும் பார்க்க முடியாது.

மோட்டார் வண்டி

1904இல் மெரிவெதர் நிறுவனம் லண்டனை அடுத்த பிஞ்ச்லிக்குச் செய்து கொடுத்த வண்டியில், சக்கரங்களை ஓட்டிய அதே பெட்ரோல் மோட்டாரே பம்பையும் இயக்கியது. வண்டி நின்றதும் மோட்டாரின் விசையைச் சக்கரத்திலிருந்து பம்புக்குத் திருப்பிவிடும் இந்த ஏற்பாடுதான் இன்றைய தீயணைப்பு வண்டிக்கும் அடிப்படை. கில்ஃபோர்டு நகரின் டென்னிஸ் நிறுவனம் 1908 முதல் தீயணைப்பு வண்டிகளைச் செய்தது. லேலண்ட் நிறுவனமும் சில ஆண்டுகளில் இத்தொழிலில் இறங்கியது.

இந்தத் தலைமுறையின் வண்டிகளுக்கு மேற்கூரை இல்லை. வீரர்கள் பக்கவாட்டில் நின்றபடி வந்தனர். பித்தளை மணியைக் கையால் அடித்து வழி கேட்டனர். சைரன் பின்னர் வந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது இன்னொரு வகை பரவியது. அது இழுவைப் பம்பு. தனி மோட்டாருடன் இரு சக்கரங்களில் அமைந்த இதை எந்த வண்டியிலும் கட்டி இழுக்கலாம். லண்டனில் வாடகைக் கார்கள் இதை இழுத்துச் சென்றன. பெரிய வண்டி போக முடியாத இடத்திலும், நீர்நிலையின் கரை வரையிலும் இதைத் தள்ளிக்கொண்டு போக முடிந்தது.

தமிழ்நாட்டில்

சென்னை நகரில் 1908ஆம் ஆண்டு தீயணைப்புப் படை அமைந்தது. இன்று மாநிலம் முழுவதும் இப்பணியைத் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை செய்கிறது. இதன் சட்ட அடிப்படை 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம். 1985 மார்ச் 15 அன்றுதான் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது.

நாடு விடுதலை பெற்ற பின் வண்டிகளின் அடிச்சட்டம் இங்கேயே கிடைக்கத் தொடங்கியது. 1948இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. லாரிக்கு உரிய அடிச்சட்டத்தின் மேல் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏணியும் பொருத்தி, சிவப்பு வண்ணம் பூசி, தீயணைப்பு வண்டியாக ஆக்குவது வழக்கமாயிற்று. வழக்கமான வண்டியின் தொட்டி 4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும்.

பம்பாய்த் துறைமுகம், 1944

தீயணைப்பு வண்டிகள் வெடிபொருளை எதிர்கொண்ட மிகப் பெரிய இந்திய நிகழ்வு 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாயின் விக்டோரியா கப்பல்துறையில் நடந்தது. ‘போர்ட் ஸ்டைகின்’ என்ற சரக்குக் கப்பலில் பருத்திப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் சேர்த்து ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகலில் பருத்தியில் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் பம்புகளுடன் வந்து கப்பலின் சரக்கறைக்குள் இடைவிடாமல் தண்ணீர் பாய்ச்சினர். மாலை 4 மணியைத் தாண்டிய சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. சுமார் அரை மணி நேரத்தில் இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்தது. 800க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்களின் நினைவாகவே ஏப்ரல் 14 தீயணைப்போர் நாளாகவும், அன்று முதல் ஏப்ரல் 20 வரை தீத்தொண்டு வாரமாகவும் நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகின்றன.

அன்று தண்ணீருக்குக் குறைவில்லை. கப்பல் கடலிலேயே நின்றது. பம்புகளும் ஆட்களும் இருந்தனர். வெடிபொருள் இருக்கும் இடத்தில் தீ நெருங்கிய பிறகு, பக்கத்தில் நின்று அதை அணைக்க முயல்வதே ஆபத்து என்பதை அந்த நாள் காட்டியது.

பட்டாசுத் தீ ஏன் வேறு

1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அதிலிருந்து தீப்பெட்டியும், 1940 முதல் உரிமம் பெற்ற பட்டாசுத் தொழிலும் இப்பகுதியில் வேரூன்றின. மழை குறைந்த கரிசல் பூமியின் வறண்ட காற்று, மருந்தையும் குச்சியையும் உலர்த்துவதற்கு ஏற்றதாக இருந்தது. அதே வறட்சி தீக்கும் ஏற்றதுதான்.

விறகோ துணியோ எரியக் காற்றில் உள்ள ஆக்சிஜன் வேண்டும். நுரையாலோ மணலாலோ மூடிக் காற்றைத் தடுத்தால் தீ அணையும். பட்டாசு மருந்து அப்படிப்பட்டதன்று. அதில் கந்தகம், கரி, அலுமினியத் தூள் போன்ற எரிபொருள்களோடு வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற வேதிப்பொருளும் கலந்திருக்கும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அந்த உப்பே தந்துவிடும். ஆகவே காற்றை அடைத்துப் பயனில்லை.

தண்ணீரும் எல்லா நேரமும் துணை நிற்பதில்லை. நுண்ணிய அலுமினியத் தூள் எரியும்போது தண்ணீர் பட்டால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அலுமினியம் கலந்த மருந்து லேசாக ஈரமானாலே உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்ளக்கூடும். மிச்ச மருந்தை இரவில் வைத்திருப்பது ஆபத்து என்று சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் இல்லை. உராய்வாலோ நிலைமின்னாலோ மருந்து பற்றினால் அந்த அறை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். எந்த ஊரில் எந்த வண்டி தயாராக நின்றாலும், முதல் அறையைக் காப்பாற்ற அதனால் இயலாது.

வண்டி செய்யக்கூடிய வேலை

அப்படியானால் பட்டாசு வட்டாரத்தில் தீயணைப்பு வண்டியின் பயன் என்ன? மூன்று வேலைகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, குளிர்விப்பது. வெடித்த அறையைத் தவிர்த்து, இன்னும் பற்றாத அறைகளின் சுவர், கூரை, சுற்றியுள்ள காய்ந்த புல் ஆகியவற்றில் தொலைவிலிருந்து தண்ணீர் பாய்ச்சி வெப்பம் பரவாமல் தடுப்பது.

இரண்டாவது, மீட்பது. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி நகரில் பட்டாசுக் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தபோது, பக்கத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்து, அங்கிருந்தவர்கள் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அங்கே உயிர் காக்கத் தேவைப்பட்டவை சுவாசக் கருவியும், சுவரையும் கதவையும் உடைக்கும் கருவிகளும், உயரத்தை எட்டும் ஏணியும்.

மூன்றாவது, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது. இதன் அருமையை உணர்த்தியது முதலிப்பட்டி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் இருந்த பட்டாசு ஆலையில் ஏற்பட்ட விபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார். அடுத்த வெடிப்பு அவர்களைத் தாக்கியது. 1944இல் பம்பாயில் நடந்ததும் இதுவே. கிராமத்து மக்களின் இயல்பான நல்ல குணம், அதாவது ஆபத்து என்றால் ஓடிப்போய் உதவுவது, பட்டாசு ஆலையின் வாசலில் உயிருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

தண்ணீரும் பாதையும்

4,500 லிட்டர் என்பது பெரிய அளவாகத் தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ளும் பம்பை முழு வேகத்தில் இயக்கினால் இரண்டரை நிமிடத்தில் தொட்டி காலியாகிவிடும். பிறகு வண்டி தண்ணீர் தேடிப் போக வேண்டும்.

தீயணைப்பு வண்டியின் பம்பு கிணற்றிலிருந்தும் கண்மாயிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சக்கூடியது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. உறிஞ்சு குழாயில் தண்ணீரை மேலேற்றுவது காற்றழுத்தமே. அது கணக்கின்படி சுமார் 10 மீட்டர் வரையும், நடைமுறையில் 7 மீட்டர் அளவும்தான் தண்ணீரை ஏற்றித் தரும். எவ்வளவு வலிமையான மோட்டாரை வைத்தாலும் இந்த எல்லை மாறாது. விருதுநகர் மாவட்டத்தின் கிணறுகளில் கோடையில் நீர்மட்டம் இதற்கு வெகு கீழே போய்விடும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கரையோரம் இறக்கி வைக்கக்கூடிய சிறிய பம்புகளும், நிரம்பிய தொட்டியுடன் வரும் தண்ணீர் லாரிகளும் இங்கே பெரிய வண்டிக்கு இணையான முக்கியத்துவம் பெறுவது இதனால்தான்.

பாதுகாப்பு கருதி ஆலைகள் ஊரை விட்டுத் தள்ளிக் காட்டுப் பகுதியில் அமைகின்றன. அவற்றுக்குப் போகும் பாதைகள் பல இடங்களில் மண் பாதைகள். கரிசல் மண் வெயிலில் பாளமாக வெடிக்கும். மழையில் சக்கரம் புதையும். நிறை தொட்டியுடன் வரும் கனரக வண்டிக்கு இரண்டும் சிக்கல்தான். சிவகாசி, சாத்தூர் நிலையங்களோடு வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை போன்ற சிற்றூர்களிலும் தீயணைப்பு நிலையங்கள் இருப்பதன் பயன் இதனால் விளங்கும். தொலைவு குறைவதே இங்கு முதல் உதவி.

வண்டி வருவதற்கு முன்

பட்டாசு ஆலையில் உண்மையான தீத்தடுப்பு, ஆலையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரே பெரிய கட்டடமாக இல்லாமல், இடைவெளி விட்டுச் சிறு சிறு அறைகளாகக் கட்டுவது ஏன் என்பதை இப்போது எளிதில் புரிந்துகொள்ளலாம். ஓர் அறை போனாலும் அடுத்த அறை பிழைக்க வேண்டும். மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்தின் அளவுக்கும் வரம்பு உண்டு. எல்லாரும் உடனே வெளியேறும்படி வாசல்கள் அமைய வேண்டும். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் பித்தளை, மரம் போன்றவற்றால் ஆன கருவிகளே கையாளத் தக்கவை. இவற்றைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற போர்மேன் இருப்பார். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் இவற்றுக்கு அடிப்படை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு வழங்கும் உரிமத்தை இப்பகுதியினர் ‘நாக்பூர் உரிமம்’ என்றே அழைக்கின்றனர்.

இந்த வரிசையில் மிகப் பழையது சிவப்பு வாளி. பல இடங்களில் தீ வாளியின் அடிப்பாகம் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் நிற்காது. கொக்கியில்தான் தொங்கும். வேறு வேலைக்கு யாரும் எடுத்துச் செல்லாமல், தேவைப்படும் நேரத்தில் அது தன் இடத்திலேயே இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. குப்பையிலும் காய்ந்த புல்லிலும் பற்றும் சிறு தீயை, மருந்து இருக்கும் இடத்தை நெருங்குமுன் அணைக்க இந்த வாளியால் முடியும். அந்தச் சில நொடிகளில் எந்த வண்டியாலும் செய்ய முடியாத வேலை அது.

ஆலை விபத்துகளுக்குப் பின் நடக்கும் விசாரணைகளில் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை, உள்குத்தகை ஆகியவை மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த பெரும் விபத்துக்குப் பிறகும் இவையே பேசப்பட்டன. தீபாவளி நெருங்க நெருங்க வேலை கூடும்போது இடைவெளிகள் சுருங்குகின்றன. இடைவெளி சுருங்கிய ஆலைக்குப் பத்து வண்டிகள் வந்தாலும் ஈடாகாது.

ஓய்வு பெற்ற வண்டிகள்

தீயணைப்பு வண்டி மற்ற வண்டிகளைப் போல நாள்தோறும் ஓடுவதில்லை. நிலையத்தில் நின்றபடியே அதன் ஆயுளின் பெரும்பகுதி கழிகிறது. எனவே வயது கூடினாலும் ஓடிய தூரம் குறைவாகவே இருக்கும். நன்றாகப் பராமரித்தால் நீண்ட காலம் உழைக்கும்.

பிரிட்டனின் ‘பச்சைத் தேவதை’ வண்டிகள் இதற்கு நல்ல சான்று. அணுகுண்டுத் தாக்குதல் நேர்ந்தால் பயன்படும் என்று 1950களில் பெட்ஃபோர்டு அடிச்சட்டத்தில் பச்சை நிறத்தில் இவை கட்டப்பட்டன. எதிர்பார்த்த போர் வரவில்லை. 1968இல் இவற்றைப் பயன்படுத்திய துணைப் படையும் கலைக்கப்பட்டது. ஆனாலும் 1977லும் 2002லும் அந்நாட்டுத் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இராணுவத்தினர் இதே வண்டிகளை ஓட்டித் தீயணைத்தனர். பின்னர் பல வண்டிகள் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றன.

இந்தியாவில் பெயர் பெற்ற பழைய வண்டி, 1914இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஜான் மோரிஸ் நிறுவனம் செய்தது. ஹைதராபாத் நிஜாம் அரசின் இரயில்வேயில் பணியாற்றிய அது, இப்போது டெல்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1964 முதல் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மேன் பழங்கார் அணிவகுப்பில் அது சொந்த மோட்டாரில் ஓடிக் கலந்துகொண்டு பரிசுகளும் பெற்றுள்ளது. நூறு ஆண்டு கடந்த இயந்திரம் ஓடும் நிலையில் இருப்பதற்கு, அதைப் பேணுவதைத் தங்கள் பொறுப்பாக ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டதே காரணம்.

சாதாரண வண்டிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பயன்பாடு முடிந்தது என்று கழிக்கப்பட்ட அரசு வண்டி ஏலத்துக்கு வரும். தொட்டியும் இரும்பும் எடைக்குப் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு செல்லாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மறுபுறம், 50 ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கென 2021இல் தனிப் பதிவு முறை வந்தபோதும், அது இரு சக்கர வாகனங்களையும் பயணிகள் கார்களையும் கருதியே அமைந்தது. கனரக வண்டியான தீயணைப்பு வண்டிக்கு அதில் இடமில்லை. ஆகவே, சாலையில் ஓடாமல் காட்சிப் பொருளாக நிற்பது ஒன்றே பழைய தீயணைப்பு வண்டிக்கு எளிதான மறுவாழ்வு.

பட்டாசு வட்டாரத்தில் அப்படி ஒரு வண்டி நிற்பதற்குக் கூடுதல் பொருள் உண்டு. தீத்தொண்டு வாரத்தில் பள்ளி மாணவர்களுக்குத் தீயணைப்புச் செயல்விளக்கம் காட்டுவது வழக்கம். பழைய வண்டியின் தொட்டியையும் பம்பையும் காட்டி, இரண்டரை நிமிடத்தில் காலியாகும் தண்ணீரையும் 7 மீட்டருக்கு மேல் ஏறாத நீரையும் மாணவர்களே கணக்கிடும்படி செய்யலாம். அந்த மாணவர்களில் பலரின் வீட்டிலிருந்து யாரேனும் ஒருவர் அன்றாடம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்வார். வெடிச் சத்தம் கேட்டால் ஆலையை நோக்கி ஓடக் கூடாது, 101 எண்ணுக்குச் சொல்லிவிட்டு வண்டிக்கு வழிவிட்டு விலகி நிற்க வேண்டும் என்ற பாடம் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர அதுவும் ஒரு வழி.